பந்தேற்பவனின் பெறுமதி

விமர்சனம் என்பது அடிப்படையில் மதிப்பிடும் தொழில். எதை மதிப்பிடுகிறோம், எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுகிறோம், யாருடைய தேவைக்காக மதிப்பிடுகிறோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத விமர்சனம் வெறும் அபிப்பிராயமாகவே நின்றுவிடும். கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றைப் பொறுத்தவரை இவ்வினாக்களை எழுப்ப நாம் பழகியுள்ளோம். ஆயினும் கலை இலக்கியத்துக்கு வெளியேயும் மதிப்பீட்டெழுத்து உண்டு. அது மனிதரின் வாழ்வை நேரடியாகத் தீர்மானிக்கின்றது. ஆனால் விமர்சகரின் கண்ணில் அது பெரும்பாலும் படுவதில்லை. அத்தகைய எழுத்தொன்றை இக்கட்டுரையில் ஆராய்கின்றோம். ஐக்கிய அமெரிக்காவிலே பல்கலைக்கழக உதைபந்தாட்ட வீரனொருவனைத் தொழில்முறைக் கழகமொன்று தெரிவு செய்வதற்கு முன்னர் அவனைப் பற்றி எழுதப்படும் மதிப்பீட்டறிக்கையே அது. சிறப்பாக, 'வைட் ரிசீவர்' எனப்படும் பந்தேற்பவனைப் பற்றிய அறிக்கையை எடுத்துக்கொள்வோம். அளவுகோலுக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள முரண்பாடு அவன் விடயத்தில் மிகவும் துலக்கமாகத் தெரிகின்றது.

அமெரிக்க உதைபந்தாட்டம் நமக்குப் பழக்கமான உதைபந்தாட்டமன்று. றக்பியின் வழிவந்த அவ்விளையாட்டிலே பந்தைக் கையால் எறிவதும் ஏந்துவதுமே உயிர்நாடி. அணியொன்றுக்குப் பதினொருவர் ஆடுவர். ஆட்டக்கோட்டின் நடுவே எதிரணியின் பாரிய உடல்களைத் தடுத்து நிற்போர் ஐவர். அவர்களுக்குப் பின்னே நின்று பந்தை எறிபவன் ஒருவன். பந்தேற்பவனோ அந்த நெரிசலுக்குப் புறம்பே, பக்கக்கோட்டை அண்டி நிற்பான். ஆட்டம் தொடங்கியதும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட பாதையிலே ஓடுவான். தன்னைத் தொடரும் எதிரணிக் காப்பாளனை மயக்கிக் குறித்த இடத்தில், குறித்த கணத்தில் திரும்புவான். அவன் திரும்பும் முன்னரே எறிபவனின் கையைவிட்டுப் பந்து புறப்பட்டிருக்கும். இருவர் மனத்திலும் ஒரே கணக்கு ஒரே வேளையில் ஓடினாலன்றி அப்பந்து நிலத்திலேயே விழும். ஆகவே, தனியொருவனின் சாகசமாகப் பார்வையாளருக்குத் தோன்றும் இச்செயல் உண்மையிலே ஒரு கூட்டுவேலை. இவ்வுண்மையை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் கூறப்போகும் யாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

இனி, இவ்வீரர்கள் தொழிலுக்குள் நுழையும் வாயிலை நோக்குவோம். 'டிராஃப்ட்' எனப்படும் ஆளெடுப்பு முறையை 1935இல் முன்மொழிந்தவர் பிலடெல்பியாக் கழகத்தின் உரிமையாளர் பேர்ட் பெல். நல்ல வீரருக்காகக் கழகங்கள் போட்டியிட்டு விலையை உயர்த்தியமையும், வசதி மிக்க கழகங்களிடம் தமது கழகம் தோற்று நின்றமையுமே அவரை இம்முறையை நோக்கி உந்தின. முதலாவது ஆளெடுப்பு 1936 பெப்ரவரியில் நடைபெற்றது. முந்திய பருவத்திலே மிக மோசமாகத் தோற்ற கழகம் முதலிலே தெரிவு செய்யும்; வென்ற கழகம் இறுதியிலே தெரிவு செய்யும். தெரிவு செய்யப்பட்டவன் அக்கழகத்துடன் மாத்திரமே பேரம் பேசலாம். முதன்முதலாகத் தெரிவான ஜே பேர்வாங்கர் கேட்ட ஊதியம் கிடைக்காமையால் தொழில்முறை ஆட்டத்தில் ஒருநாளேனும் ஆடவில்லை. இச்செய்தி வெறும் வேடிக்கையன்று. விலையைக் கட்டுப்படுத்தவே இம்முறை பிறந்தது என்பதை அதன் முதல் ஆண்டே காட்டிவிட்டது.

இன்று 32 கழகங்கள் ஏழு சுற்றுகளிலே இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட இளைஞரைத் தெரிவு செய்கின்றன. அதற்கு முன்னோடியாக 1987 முதல் இந்தியானாபொலிஸ் நகரில் 'கொம்பைன்' என்னும் கூட்டுத் தேர்வு நடத்தப்பட்டு வந்துள்ளது. அங்கே இளைஞனின் உயரம், நிறை, கை நீளம், உள்ளங்கை அகலம் ஆகியன அளக்கப்படும். அவன் நின்ற இடத்திலிருந்து மேலே எவ்வளவு பாய்வான், முன்னே எவ்வளவு பாய்வான் என்பன குறிக்கப்படும். எல்லாவற்றுக்கும் சிகரமாக 40 யார் ஓட்டம். தலைக்கவசமும் தோட்கவசமும் இன்றி, எதிரே எவருமின்றி, நேர்கோட்டிலே ஓடும் ஓட்டம் அது. அதன் நேரம் நூறிலொரு பங்கு நொடி வரை கணிக்கப்படுகின்றது. இவற்றின் அடிப்படையிலே எழும் அறிக்கை ஏறக்குறைய மாறாத வடிவங் கொண்டது: முதலில் உடலளவுகள், பின்னர் பலங்கள், பலவீனங்கள், அதன்பின் புகழ்பெற்ற வீரரொருவருடன் ஓர் ஒப்பீடு, முடிவிலே, எத்தனையாம் சுற்றில் எடுக்கத்தக்கவன் என்னும் தீர்ப்பு.

இவ்வெழுத்தை விஞ்ஞானபூர்வமானது என்பர். எண்கள் நிறைந்திருப்பதால் மாத்திரம் ஓர் எழுத்து விஞ்ஞானமாகிவிடாது. எண் எதனை அளக்கின்றது, அளக்கப்பட்டது ஆட்டத்தின் எப்பகுதியுடன் தொடர்புடையது என்பவை நிறுவப்படல் வேண்டும். 2017ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டுக் கூட்டுத் தேர்விலே ஜோன் றொஸ் 40 யாரை 4.22 நொடியில் ஓடினார்; அதுவரை அத்தேர்வில் எவரும் ஓடாத வேகம் அது. சின்சினாட்டிக் கழகம் அவரை ஒன்பதாவதாகத் தெரிவு செய்தது. முதற் பருவத்தில் அவர் ஒரு பந்தையேனும் ஏந்தவில்லை. தொழில் வாழ்க்கை முழுவதிலும் அவர் ஏந்திய பந்துகள் எழுபதைத் தாண்டவில்லை. அதே ஆண்டில் கிழக்கு வாஷிங்டன் என்னும் சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கூப்பர் கப் 4.62 நொடி ஓடினார். அவருக்கு முன்னே ஆறு பந்தேற்பவர்கள் எடுக்கப்பட்டனர். மூன்றாம் சுற்றிலே 69ஆவதாகவே அவர் பெயர் அழைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுப் பருவத்திலே அவர் 145 பந்துகளை ஏந்தி, 1,947 யார் கடந்து, 16 தடவை எல்லையைத் தொட்டார்; மூன்றிலும் அப்பருவத்தில் அவரே முதல்வர். அப்பருவத்தின் இறுதிப் போட்டியிலும் அவரே சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார்.

றொஸ் தோற்றமைக்கு அடுத்தடுத்து ஏற்பட்ட காயங்களும் காரணம் என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வேகம் பயனற்றது என்று நாம் கூறவும் இல்லை. காப்பாளன் ஒருவனைத் தாண்டி நெடுந்தூரம் ஓடுகையில், 0.2 நொடி வேறுபாடு ஏறத்தாழ இரண்டு யார் இடைவெளியாக மாறும். இரண்டு யார் என்பது அவ்விளையாட்டிலே பெரியதோர் இடைவெளியே. நமது கண்டனம் வேறு. நூறு வேலைகளில் ஒன்றுக்குத் தேவைப்படும் பண்பொன்று, எளிதில் அளக்கத்தக்கது என்ற ஒரே காரணத்துக்காக, நூறு வேலைகளுக்குமுரிய தகுதியாக உயர்த்தப்படுகின்றது. திரும்பும் கணத்திலே வேகத்தைக் குறைக்கும் ஆற்றலை அவ்வோட்டம் அளக்காது. காப்பாளனின் இடுப்பு எப்பக்கம் சாய்கின்றது என்பதைக் கவனிக்கும் கண்ணையும் அது அளக்காது. அளக்க இயலாதது இல்லாததாகிவிடுகின்றது. இதுவே முதலாவது குறைபாடு.

இரண்டாவது குறைபாடு மொழியிலே உள்ளது. அறிக்கைகளின் சொல்லாட்சியைச் சற்று ஊன்றி வாசிப்போர் ஒரு பிரிவினையைக் காண்பர். கறுப்பின வீரனுக்கு 'இயல்பாகவே வாய்த்த உடல்வலு' என்ற சொற்றொடரும், வெள்ளையின வீரனுக்கு 'புத்திக்கூர்மை', 'கடும் உழைப்பு' என்ற சொற்களும் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. ஒப்பீட்டிலும் இதே நிலைதான்: கறுப்பினத்தவனுக்குக் கறுப்பினத்தவனே உவமை, வெள்ளையனுக்கு வெள்ளையனே உவமை. இளங்கவிஞன் ஒருவனை 'இரண்டாவது பாரதி' என்று கூறி விமர்சனத்தை முடித்துக்கொள்ளும் சோம்பல் நமக்கும் அறிமுகமானதே. இங்கோ அச்சோம்பலுடன் நிறபேதமும் சேர்ந்துகொள்கின்றது. ஒருவனுடைய திறனை 'இயற்கை' என்று அழைப்பது பாராட்டுப்போலத் தோன்றும். ஆயின் அத்திறனை ஆக்கிய உழைப்பை அச்சொல் மறைத்துவிடுகின்றது. உழைப்பு மறைந்தால் உழைப்புக்குரிய உரிமையும் உடன் மறையும்.

அளவுகோல் உடலோடு நின்றுவிடுவதுமில்லை. 'குணம்' என்ற தலைப்பின் கீழ் இளைஞனின் குடும்பமும் துருவப்படுகின்றது. 2010இல் டெஸ் பிரையன்ற் என்னும் பந்தேற்பவரிடம், அவருடைய தாய் விலைமாதாக இருந்தவரா என்று மயாமிக் கழகத்தின் பொது முகாமையாளர் வினவினார். செய்தி வெளியானதும் அவர் மன்னிப்புக் கோரினார். அவ்வினா ஒரு தனிமனிதரின் நாத்தவறு என்று கூறித் தப்பிவிட முடியாது. வேலை தேடி வந்தவனிடம் எதையும் வினவலாம், அவன் எழுந்து வெளியேற முடியாது என்ற நிலைமையே அவ்வினாவைச் சாத்தியமாக்கிற்று.

இவ்விடத்து, ஒருவருடைய வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் பயன் தரும். ஜெரி றைஸ் 1962இல் மிசிசிப்பி மாநிலத்திலே பிறந்தவர். தந்தை செங்கல் கட்டும் மேசன். கோடை விடுமுறைகளிலே தந்தையுடன் வேலைக்குச் சென்று, எறியப்படும் செங்கற்களைக் கையாலே ஏந்திக் கொடுத்ததாக றைஸ் பலமுறை கூறியுள்ளார். அவர் கல்வி கற்ற மிசிசிப்பி வலி மாநிலப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவருக்கென அமைந்த சிறு நிறுவனம். அங்கே ஆர்ச்சி கூலி என்னும் பயிற்றுநர், ஓய்வின்றிப் பந்தை எறியும் ஆட்டமுறையொன்றை வகுத்தார், வில்லி டொற்றன் எறிந்தார், றைஸ் ஏந்தினார். 1984ஆம் ஆண்டுப் பருவத்திலே றைஸ் 27 தடவை எல்லையைத் தொட்டார்.

மதிப்பீட்டாளருக்கு இவ்வெண் ஐயத்தையே அளித்தது. எதிர்த்து ஆடியோர் சிறிய பல்கலைக்கழகத்தவர். ஆட்டமுறையோ எண்களைப் பெருக்கும் இயல்புடையது. 40 யார் ஓட்டத்தில் அவருடைய நேரம் பற்றிப் பலவாறு கூறப்படுகின்றது. முதல்தர வேகமன்று என்பதிலே அக்கூற்றுகள் ஒன்றுபடுகின்றன. இவ்வையங்கள் முற்றிலும் நியாயமற்றவையல்ல. எந்தச் சூழலில் பெறப்பட்டது என்று வினவாது வெற்றியெண்ணை மாத்திரம் நம்புவதும் தவறே. ஆனால் ஐயம் எழுந்தபோது செய்யவேண்டியது யாது? ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஆராய்வதே. அதனை விடுத்து ஐயத்தையே தீர்ப்பாகக் கொள்வது விமர்சனமாகாது.

சான் பிரான்சிஸ்கோக் கழகத்தின் பயிற்றுநர் பில் வோல்ஷ் ஆட்டத்தைப் பார்த்தார். 1984 ஒக்டோபரிலே ஹூஸ்டன் நகரில் போட்டியொன்றுக்காகத் தங்கியிருந்த இரவில், விடுதித் தொலைக்காட்சியிலே றைஸின் ஆட்டத் துணுக்குகளை அவர் கண்டதாகக் கூறுவர். வோல்ஷ் வகுத்த ஆட்டமுறையிலே பந்து குறுகிய தூரம் எறியப்படும். ஓடும் வேகம் குறையாத வண்ணம் ஏந்துபவனின் கைக்கு அது வந்து சேரவேண்டும். எஞ்சிய தூரத்தை அவன் ஓடிக் கடக்க வேண்டும். அதற்குத் தேவையானவை கணக்குத் தவறாத பாதையும், பந்தை ஏந்தியபின் தடையின்றித் தொடரும் ஓட்டமும். றைஸிடம் அவை இருந்தன. வெற்றிபெற்ற கழகமாகையால் சான் பிரான்சிஸ்கோவின் முறை 28ஆம் இடத்திலே இருந்தது. தன் முதல் மூன்று சுற்றுத் தெரிவுகளையும் நியூ இங்கிலாந்துக் கழகத்துக்குக் கொடுத்து, மூன்றாம் சுற்றுத் தெரிவொன்றுடன் 16ஆம் இடத்தைப் பெற்று, 1985இல் றைஸை எடுத்துக்கொண்டது. அவருக்கு முன் அல் டூன், எடி பிரவுண் என்னும் இரு பந்தேற்பவர்கள் எடுக்கப்பட்டிருந்தனர். அவர்களும் திறமைசாலிகளே.

முதற் பருவத்திலே றைஸ் பல பந்துகளைக் கைநழுவ விட்டார். இரசிகர் அவரை எள்ளினர். அப்பருவத்தின் பிற்பகுதியில், டிசெம்பர் மாதப் போட்டியொன்றிலே 241 யார் கடந்தார். 1987இல் 12 போட்டிகளிலே 22 தடவை பந்தேந்தி எல்லையைத் தொட்டார். 2004 வரை நீண்ட இருபது பருவங்களின் முடிவிலே, ஏந்திய பந்துகள் 1,549; கடந்த தூரம் 22,895 யார்; எல்லையைத் தொட்டது 208 தடவை. பருவம் ஓய்ந்த மாதங்களிலும் செங்குத்தான குன்றுப் பாதையொன்றிலே நாள்தோறும் ஓடிப் பயின்றவர் அவர். இம்மனிதரின் ஆற்றலை 'இயற்கையாக வாய்த்தது' என்பார் உளரேல், அவர் செங்கற்களையும் காணவில்லை, குன்றையும் காணவில்லை.

வோல்ஷின் கண் கூர்மையானது என்று பாராட்டி இக்கதையை முடித்துக்கொள்வது எளிது. நாம் அதனுடன் நிற்பதற்கில்லை. றைஸின் பெறுமதி அவர் உடலுக்குள்ளே முன்கூட்டியே பூட்டி வைக்கப்பட்டிருக்கவில்லை. கூலியின் ஆட்டமுறை, டொற்றனின் எறிதல், வோல்ஷின் வகுப்பு, ஜோ மொன்ரானா, ஸ்ரீவ் யங் ஆகிய எறிவாளரின் கை, இவை யாவற்றுடனும் அவருடைய உழைப்பு கொண்ட உறவிலேதான் அப்பெறுமதி உருவாயிற்று. வேறொரு கழகத்திலே, நெடுந்தூர எறிதலையே நம்பிய ஆட்டமுறையில், அவர் இவ்வளவு உயர்ந்திருப்பாரா என்று எவராலும் உறுதி கூற முடியாது. மதிப்பீட்டறிக்கையோ பெறுமதியை எப்போதும் ஆளின்மீதே ஒட்டுகின்றது. அவன் வென்றால் 'உச்சவரம்பை எட்டினான்' என்று எழுதும். தோற்றால் 'ஏமாற்றிவிட்டான்' என்று எழுதும். அவனைச் சுற்றியிருந்த கழகம், பயிற்றுநர், எறிபவன் யாவரும் அத்தீர்ப்பிலிருந்து தப்பிவிடுகின்றனர்.

மதிப்பிடுபவன் எங்கே நின்று பார்க்கின்றான் என்பதும் முக்கியமானது. 1934 முதல் 1945 வரை இத்தொழில்முறைச் சங்கத்தில் ஒரு கறுப்பினத்தவரும் ஆடவில்லை. 1949இலேதான் ஜோர்ஜ் தாலியபெரோ என்ற கறுப்பின வீரரின் பெயர் முதன்முறையாக ஆளெடுப்பில் அழைக்கப்பட்டது. அதன் பின்னரும் தென் மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளுக்குச் சென்று ஆட்டம் பார்த்த கழகத்தார் சிலரே. அக்கல்லூரிகளை நன்கறிந்தவர் 'பிற்ஸ்பேர்க் கூரியர்' என்னும் கறுப்பினப் பத்திரிகையின் விளையாட்டெழுத்தாளர் பில் நன். அக்கல்லூரிகளின் சிறந்த வீரர் பட்டியலை ஆண்டுதோறும் தொகுத்து வந்த அவரை, 1960களின் பிற்பகுதியிலே பிற்ஸ்பேர்க் கழகம் தன் தேர்வாளராகச் சேர்த்துக்கொண்டது. அலபாமாவைச் சேர்ந்த ஜோன் ஸ்ரோல்வேர்த் என்னும் பந்தேற்பவரை ஏனைய தேர்வாளர் ஈரமான தரையிலே ஓடவிட்டு நேரம் குறித்துச் சென்றனர் என்றும், நன் உடல்நலமில்லை என்று கூறி ஒருநாள் கூடுதலாகத் தங்கி, உலர்ந்த தரையில் மீண்டும் ஓடச் செய்தார் என்றும் கூறப்படுவதுண்டு. 1974இல் நான்காம் சுற்றிலே பிற்ஸ்பேர்க் அவரை எடுத்தது. 2002இல் அவர் சிறப்பாளர் மண்டபத்திலே இடம்பெற்றார். ஆள் ஒருவரே, ஓட்டமும் ஒன்றே. மாறியது தரையும் பார்ப்பவரின் பொறுமையும். அக்கல்லூரிகளிலே வேலைக்குரிய மனிதரைக் கண்டவர் நன். பலர் அங்கே செல்ல வேண்டிய தேவையையே காணவில்லை. நன்னின் பங்கு 2021இலேதான் அதே மண்டபத்தால் அங்கீகரிக்கப்பட்டது.

அவ்வாறாயின், பந்தேற்பவன் ஒருவனை எவ்வாறு மதிப்பிடல் வேண்டும்? கண்டிப்பதோடு நிற்பது விமர்சகனுக்கு அழகன்று. ஆகையால் சில நியமங்களைக் கூறுகின்றோம். முதலாவதாக, ஆட்டம் தொடங்கியதும் வரும் ஐந்து யார்களை நோக்குக: காப்பாளன் நெஞ்சிலே கைவைத்துத் தள்ளுகையில் அவன் தன் பாதையை இழக்கின்றானா, மீட்கின்றானா? இரண்டாவதாக, அவன் ஓடும் பாதைகள் தொடக்கத்திலே ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா? நீண்ட பாதையும் குறுகிய பாதையும் முதற் பத்து யாரிலே வேறுபாடின்றித் தோன்றினால், காப்பாளன் முன்கூட்டி அறிய வழியில்லை. இது கற்றுப் பெறும் கலை. மூன்றாவதாக, பந்தை உடலுக்கு முன்னே கைகளாலே பற்றுகின்றானா, மார்பிலே அணைத்துக் கொள்கின்றானா? நான்காவதாக, பந்து தன்னிடம் வராத ஆட்டங்களிலே அவன் யாது செய்கின்றான்? தோழனுக்காக எதிரியைத் தடுக்கும் அவ்வேலைக்குப் புள்ளிவிவரம் இல்லை. ஐந்தாவதாக, எறிபவன் தவறாக எறிந்த பந்துகளை அவன் எவ்வாறு சமாளிக்கின்றான்? அவனுடைய எண்களில் எவ்வளவு தன்னுடையது, எவ்வளவு எறிபவனுடையது என்பதற்கு இதுவே உரைகல். இவை எவற்றையும் நேரமானி காட்டாது. இவற்றைக் கண்ட பின்னர் 40 யார் ஓட்டத்தையும் நோக்கலாம்; அதற்குரிய சிறு இடத்தில் அது இருக்கட்டும்.

ஆயினும் மிகச் சிறந்த மதிப்பீடுகூட யாருக்குப் பயன்படுகின்றது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. அறிக்கை பிழைத்தால் கழகம் ஒரு தெரிவை இழக்கும். அடுத்த ஆண்டு வேறொருவனைத் தெரிந்துகொள்ளும். பிழையின் சுமையை ஏற்பவன் இளைஞன். 2011ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின், எத்தனையாவதாகத் தெரிவானான் என்பதே புதிய வீரனின் முதல் நான்காண்டு ஊதியத்தை ஏறக்குறைய முற்றாகத் தீர்மானிக்கின்றது. 2010இல் முதலிலே தெரிவானவர் ஆறாண்டுகளுக்கு 780 இலட்சம் டொலர் ஒப்பந்தம் பெற்றார். 2011இல் முதலிலே தெரிவானவருக்கு நான்காண்டுகளுக்கு ஏறத்தாழ 220 இலட்சமே கிடைத்தது. 2023இல் பூகா நகூவா என்னும் பந்தேற்பவர் வேகக் குறைவும் காயங்களும் காரணமாக ஐந்தாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டு 177ஆவதாகத் தெரிவானார். முதற் பருவத்திலேயே 1,486 யார் கடந்து, புதிய வீரருக்கென 1960இல் பில் குரோமன் நிறுவிய 1,473 யார் சாதனையை முறியடித்தார். அவருடைய நான்காண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 40 இலட்சம் டொலர். அதே ஆண்டிலே 20ஆவதாகத் தெரிவான பந்தேற்பவரின் ஒப்பந்தமோ 140 இலட்சத்துக்கு மேற்பட்டது. நகூவாவின் ஊதியத்தைக் குறைத்தது ஆட்டமன்று; அறிக்கை. சாதாரண உழைப்பாளிக்கு 40 இலட்சமும் பெருந்தொகையே என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் உழைப்பின் பலனை யார் எடுத்துக்கொள்கின்றனர் என்ற வினா தொகையின் பெருமையால் மறைந்துவிடுவதில்லை.

இம்முறைக்கு எதிராக வழக்கும் எழுந்தது. 1968இல் தெரிவாகி, முதற் பருவத்தின் இறுதிப் போட்டியிலே கழுத்தில் காயமுற்று ஆட்டத்தை இழந்த ஜேம்ஸ் ஸ்மித், 1970இல் வழக்குத் தொடுத்தார். ஆளெடுப்பு இல்லாதிருந்தால் தம் உடலுக்குப் பாதுகாப்பான ஒப்பந்தத்தைப் பேசிப் பெற்றிருக்கலாம் என்பது அவர் வாதம். 1976இலும், மேன்முறையீட்டில் 1978இலும், அன்றிருந்த ஆளெடுப்பு முறை வர்த்தகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1977இல் வீரர் சங்கத்துடன் செய்யப்பட்ட கூட்டு உடன்படிக்கை ஆளெடுப்புக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்துவிட்டது. ஏற்கெனவே தொழிலுக்குள் இருப்போர் இன்னும் நுழையாதோரின் உரிமையைப் பேரத்திலே விட்டுக்கொடுத்தனர். தொழிற்சங்க இயக்கத்தின் நண்பர்கள் இதனைக் கசப்புடனேனும் சிந்தித்தல் வேண்டும். நலிந்த கழகத்துக்கும் வாய்ப்பளித்துப் போட்டியைச் சமப்படுத்தும் முறை இது என்று ஆதரவாளர் கூறுவர். அதில் உண்மை ஓரளவு உண்டு. எனினும் கழகங்களுக்கிடையிலான சமத்துவத்தின் விலையை உழைப்பவனே ஏன் செலுத்தவேண்டும் என்பதற்கு அவர்களிடம் விடையில்லை.

உள்ளே நுழையும் வாயிலிலே அளந்தவர்கள் வெளியேறும் வாயிலிலும் அளந்தனர். தலையில் விழும் அடிகளால் மூளை சிதையும் நோய் பற்றி 2017இல் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையிலே, ஆராயப்பட்ட 111 முன்னாள் தொழில்முறை வீரரின் மூளைகளில் 110இல் அந்நோய் காணப்பட்டது. நோயை ஐயுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளைகளை வழங்கின. ஆகவே எல்லா வீரருக்கும் இவ்விகிதம் பொருந்தாது. ஆயினும் ஆபத்து மெய்யானது. இவ்வகைப் பாதிப்புக்கு நட்டஈடு வழங்கும் திட்டத்திலே, கறுப்பின வீரரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவானது என்று கொள்ளும் கணிப்புமுறை வழக்கிலிருந்தது. குறைந்த தொடக்கத்திலிருந்து கணித்தால் இழப்பும் குறைவாகவே தெரியும், நட்டஈடும் மறுக்கப்படலாம். முன்னாள் வீரர் இருவர் தொடுத்த வழக்கின் பின், 2021இலேதான் அம்முறையைக் கைவிடச் சங்கம் உடன்பட்டது. தெரிவின்போது உடலே யாவும் என்று கூறிய அளவுகோல், நட்டஈட்டின்போது நிறத்தையும் கணக்கிலெடுத்தது. இரண்டு வேளையிலும் அளவுகோல் ஒரே கையிலேயே இருந்தது.

சில மாற்றங்கள் வந்துள்ளன. அவற்றை மறைப்பது நேர்மையன்று. கூட்டுத் தேர்விலே நெடுங்காலம் நடத்தப்பட்ட 'வொண்டர்லிக்' என்னும் அறிவுத் தேர்வு 2022இல் கைவிடப்பட்டது. 2021 முதல் பல்கலைக்கழக வீரர் தம் பெயராலும் உருவத்தாலும் வருவாய் பெறலாம். 2025இல் ஏற்கப்பட்ட இணக்கத் தீர்வின்படி பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாக ஊதியம் வழங்கவும் வழி பிறந்துள்ளது. றைஸின் காலத்திலே அரங்கு நிறைந்தும் ஆடியவனுக்குப் புலமைப்பரிசிலே கூலி. இம்மாற்றங்கள் எவரும் மனமிரங்கி அளித்தவையல்ல, வழக்காடிப் பெற்றவை.

இனி நமது முடிவைக் கூறுவோம். மதிப்பீட்டறிக்கை விமர்சனத்தின் ஒரு வகை. ஆயின் பொறுப்பற்ற வகை. வேலையை விட்டு உடலை அளக்கின்றது. கூட்டுறவிலே பிறந்ததைத் தனியாளின் கணக்கிலே எழுதுகின்றது. வாங்குபவனுக்கு விடை சொல்கின்றது, மதிப்பிடப்பட்டவனுக்கு எவ்விடையும் சொல்வதில்லை. இக்குறைகளைக் களைய முதற்படியாக ஒன்று செய்யலாம். ஒவ்வோர் ஆளெடுப்பும் முடிந்து ஐந்தாண்டுகளின் பின்னர், அன்று எழுதப்பட்ட அறிக்கைகளை எடுத்து, எழுதியவரின் பெயருடன் ஆட்டத்தின் அருகே வைத்து வாசிக்க வேண்டும். எந்தச் சொல் எதனால் பொய்த்தது, எந்தக் கல்லூரி ஏன் பார்க்கப்படவில்லை, எந்தக் கழகம் எந்த வீரனுக்கு எறிபவனையும் பயிற்றுநரையும் மறுத்தது என்பவை அப்போது வெளிப்படும்.

மாணவருக்குப் புள்ளியிடும் ஆசிரியருக்கும், புள்ளியிடப்படும் மாணவருக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. அளவிடும் உரிமை பெற்ற எவரும் தம் அளவுகோலைப் பிறர் கையிலே கொடுத்துச் சோதிக்க இடமளிக்க வேண்டும். செங்கல் ஏந்திய கைகளை ஒருமுறையேனும் பார்க்காது, அவற்றின் அகலத்தை மாத்திரம் குறித்துக்கொண்டு செல்பவரை நாம் விமர்சகர் என்று ஏற்பதற்கில்லை.